மலிவான எதிரொலிப் பெட்டி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, அத்தான், குட்டி மூவரும் நலமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு தம்பி எழுதுகிறேன். நானும் நலம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

காரியம் இல்லாமல் இவன் பேனாவைத் தொடமாட்டானே என்று நீ முனகுவது இங்கே வரை கேட்கிறது. காரியம்தான். எங்கள் இசைக்குழுவுக்கு ஒரு பெரிய ஹோட்டலில் வாய்ப்பு வந்திருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் வாசிப்பு, ஒரு வருட ஒப்பந்தம். அதற்காக மாஸ்டர் பாட்டுகளையெல்லாம் மாற்றுகிறார். புதிய பாட்டுகளில் கிதாரின் ஒவ்வொரு சுரமும் எதிரொலியாகத் திரும்பித் திரும்பி வர வேண்டுமாம். அதற்குக் காலால் மிதிக்கிற டிலே பெட்டி ஒன்று வேண்டும். வெளிநாட்டுப் பெட்டியின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

"ஜூன்ல ஒரு நாள் எல்லாரையும் வாசிக்கவச்சுக் கேப்பேன். அந்தச் சத்தம் வரலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அந்த வேறு ஆள் இப்போதே தினமும் ஒத்திகைக்கு வந்து, பின்னால் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருக்கிறான். அக்கா, கிதாரை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. உன் பழுதுபார்க்கும் மேசைக்கு வராத பெட்டி உண்டா? மலிவாக ஒன்று கிடைக்குமா என்று பார்.

போன் மட்டும் செய்யாதே. கீழே தையற்கடை போனில் ஒரே இரைச்சல், ஒன்றும் விளங்குவதில்லை. கடிதமே எழுது.

உன் அன்புத் தம்பி


மார்ச் 16

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, ஆனாலும் வாய் குறையவில்லை.

உனக்கு யோகம்தான் போ. எனக்கு உதிரிப் பாகங்கள் தருகிற கடைக்காரர் புதிதாக ஒரு டிலே பெட்டி இறக்கியிருக்கிறார். பெரிய கம்பெனிப் பெட்டியின் விலையில் கால்வாசிகூட இல்லை. "வாசிக்கிறவங்க யாராவது பாத்துச் சொன்னா இன்னும் இறக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் ஒரு மகாவித்வான் இருக்கிறான் என்று பீற்றிக்கொண்டு ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். மானத்தை வாங்காதே.

வழக்கம்போல முதலில் திறந்து பார்த்தேன். பழைய முறையில் செய்தது. உள்ளே ஒரு சின்ன சிப். ஆட்கள் வரிசையாக நின்று வாளித் தண்ணீரைக் கைமாற்றுவார்களே, அப்படிச் சத்தத்தைக் கைமாற்றிக் கைமாற்றித் தாமதமாக வெளியே விடும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சிந்தும். ஆகவே எதிரொலி போகப் போக மங்கும், கூர்மை குறையும். இந்த வகைப் பெட்டிக்கு அதுதான் அழகு என்கிறார்கள். குமிழ் மூன்று. இடது குமிழ் எவ்வளவு நேரம் கழித்து, நடுக்குமிழ் எத்தனை தரம், வலது குமிழ் எவ்வளவு சத்தமாக.

கிதாருக்கு நான் எங்கே போவேன்? குட்டியை மைக்கில் "ஆ" என்று கத்தவிட்டேன். ஆறு தரம் திரும்பி வந்தது. ஏழாவது வந்ததா இல்லையா என்று எனக்கும் அவளுக்கும் சண்டை. "வீட்டுல ஒண்ணு கத்துறது போதாதா?" என்று அத்தான் வெளியே ஓடிவிட்டார்.

நன்றாக வாசித்துப் பார்த்து விவரமாக எழுது. பெட்டி, நம் பார்சல்களைக் கொண்டுவருகிற அதே பேருந்து ஓட்டுநரிடம் இருக்கிறது.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே நாடுகிறேன். பெட்டி கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது.

கடைக்காரருக்குச் சொல்ல வேண்டியதை முதலில் எழுதுகிறேன். இரும்புக் கூடு நல்ல கனம், மிதித்தால் நகரவில்லை. குமிழ்கள் இறுக்கமாக இருக்கின்றன, கால் பட்டுத் திரும்பாது. விளக்கு கண்ணைக் குத்தாத சிவப்பு. முதல் எதிரொலி பஞ்சு மாதிரி இதமாக இருக்கிறது.

ஆனால் முதல் எதிரொலியோடு சரி. இரண்டாவது கம்பளிக்குள்ளிருந்து வருகிறது. மூன்றாவது இல்லவே இல்லை. நடுக்குமிழை அது போகிற மட்டும் திருப்பினேன், அப்படியும் இல்லை. மலிவு என்றதும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். குட்டிக்கு ஆறு தரம் பதில் சொன்ன பெட்டி எனக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறது? என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்.

உன் அன்புத் தம்பி


ஏப்ரல் 7

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

சும்மா கதை விடாதே. ஆறு தரம் வந்ததை என் காதால் கேட்டேன். நான் இந்த மேசையில் உட்கார்ந்து தலை நரைத்தவள், எனக்கே பாடம் எடுக்கிறாயா? பேட்டரியை மாற்று. கேபிளை மாற்று. அறை முழுக்கத் துணியைத் தொங்கவிட்டிருப்பாய், அது சத்தத்தை விழுங்கும், எடுத்து மடித்து வை. நீ மடிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

எல்லாம் செய்தும் வரவில்லை என்றால் பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்து வாசி. அவர்களுக்கு எத்தனை கேட்கிறது என்று எண்ணச் சொல். அதை எழுது.

அக்கா


ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமா? பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள். ஒத்திகை முதுகை முறிக்கிறது.

பேட்டரி புதிது. கேபிள் புதிது. துணியையும் மடித்தேன், நம்பினால் நம்பு. ஆம்ப்ளிஃபயரை இருக்கிற சத்தம் முழுக்க ஏற்றினேன். தையற்காரர் மேலே வந்து வாசலில் நின்று இரண்டு கையையும் கூப்பினார், பாவம். டிரம்மரும் ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் எப்போதும் வாயில் எதையாவது மென்றுகொண்டே பேசுவான், என்ன சொன்னான் என்று விளங்கவில்லை. இப்போது எல்லோருமே வாய்க்குள்தான் பேசுகிறார்கள்.

பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். உள்ளே எதையாவது மாற்றி எதிரொலியைக் கூர்மையாக்க முடியாதா? உன்னால் முடியும் அக்கா. ஒவ்வொரு நாளும் அந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாக முன்வரிசைக்கு வந்துகொண்டிருக்கிறான். நேற்று என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் போய் நின்ற பிறகுதான் எழுந்தான். என்னைக் கைவிட்டுவிடாதே.

தம்பி


மே 6

அன்புத் தம்பிக்கு,

நலம். கைவிடுவதாவது? என்ன பேச்சு இது?

பெட்டியைத் திறந்தேன். கூர்மையை வெட்டுகிற பாகம் ஒன்று இருக்கிறது, அதைக் கழற்றிச் சிறியதாகப் போட்டேன். நடுக்குமிழின் எல்லையையும் கூட்டியிருக்கிறேன். இப்போது எதிரொலி கண்ணாடிச் சில்லு மாதிரி வருகிறது, எனக்குப் பல் கூசுகிறது. குட்டி காதைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். உனக்கு இதுவே வேண்டும் என்றால் சரி.

ஒரே ஒரு எச்சரிக்கை. நடுக்குமிழைப் பாதிக்கு மேல் திருப்பாதே. திருப்பினால் எதிரொலி அடங்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி ஊளையிட ஆரம்பித்துவிடும்.

அத்தான் கடிதத்தைப் படித்துவிட்டு, "அவனுக்குச் சளி கிளி பிடிச்சுக் காது அடைச்சிருக்கா?" என்று கேட்டார். வெந்நீரில் ஆவி பிடித்துப் பார்க்கச் சொன்னார். பிடித்தாயானால் எப்படி இருக்கிறது என்று எழுது.

அக்கா


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சளி எதுவும் இல்லை. அத்தானின் அக்கறைக்கு நன்றி சொல்.

பெட்டி சரிவரவில்லை. நேற்று ஒத்திகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே திருப்பினேன். கொஞ்சம்தான். வாசித்துக்கொண்டே இருக்கிறேன், திடீரென்று எங்கள் குழுவில் பாடுகிற அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நன்றாக வாசிக்கிறேன்போல என்று நினைத்து நான் இன்னும் அழுத்தி வாசித்தேன். மாஸ்டர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். "செவிடா நீ?" என்று கேட்டார். அதை மட்டும் தெளிவாகச் சொன்னார். கோபத்தில் யார் வேண்டுமானாலும் சொல்கிற வார்த்தைதானே?

சத்தம் எனக்குத் தெரியாமல் இல்லை, நிறுத்தத்தான் போனேன், அதற்குள் அவர் வந்துவிட்டார்.

பெட்டியை மறுபடி அனுப்புகிறேன், மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்துவிடு. ஜூன் 18 அன்று மாஸ்டர் கேட்கப்போகிறார். இனி ஒரு தடவை தவறினால் என் கதை முடிந்தது. தூக்கம் வருவதில்லை அக்கா. சாப்பாடு இறங்கவில்லை. இது ஒன்றை மட்டும் செய்து கொடு, பிறகு உன்னை எதுவும் கேட்கமாட்டேன்.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

குட்டிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், அதனால் நாலு வரிதான். கழற்றிய பாகங்களைத் திரும்ப வைத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று சிப்பையும் புதிதாக வாங்கினேன், மாற்றிவிடத்தான். குட்டி அழுகிறாள், நான் மேசைக்கும் கட்டிலுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன். மைக்கில் கத்துவதற்கு அவளும் இல்லை. விளக்கு எரிகிறது, ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் சத்தம் வருகிறது, மூடி திருகிவிட்டேன். பேருந்து கிளம்பப்போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 10

அன்பில் உயர்ந்த அக்காவுக்கு,

குட்டிக்குக் காய்ச்சல் விட்டதா? உடனே எழுது. நான் ரொம்ப நலம்.

உன் கையைக் கொடு, கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். ஆறு எதிரொலி அக்கா! எண்ணினேன். ஒன்றைவிட ஒன்று மங்கி, நீ எழுதிய மாதிரியே வாளி கைமாறுவது போல. கடைசி எதிரொலி எப்போது அடங்கியது என்றே சொல்ல முடியாது, அவ்வளவு மென்மை. கடைக்காரரைத் தாராளமாக இறக்கச் சொல். இந்த விலைக்கு இப்படி ஒரு பெட்டி கிடைக்காது என்று நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மாஸ்டரும் தோளில் தட்டினார்.

நீ இனி இதற்காக மெனக்கெட வேண்டாம். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். குட்டியைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி


ஜூன் 15

தம்பி,

குட்டி எழுந்து நடமாடுகிறாள். உன் கடிதத்தைப் பார்த்து நேற்று வீடே சிரித்தது. அத்தான் இரண்டு தடவை உரக்கப் படித்தார்.

இன்று காலையில்தான் மேசையைத் துடைத்தேன். இரண்டு சிப் கிடக்கிறது. பழையதும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது.

புரிகிறதா? உனக்கு அனுப்பிய பெட்டிக்குள் சிப்பே இல்லை. பழையதைக் கழற்றியவள், காய்ச்சல் பிள்ளையைத் தூக்க ஓடினேன். புதியதை வைக்காமலே மூடியிருக்கிறேன். நீ அடிக்கிற சுரம் அப்படியே போகும், அவ்வளவுதான். அந்தப் பெட்டியிலிருந்து ஆறு வேண்டாம், ஒரு எதிரொலிகூட வர வழி கிடையாது.

உடனே தையற்கடைக்குப் போன் செய்தேன். தையற்காரர் உன்னை அழைத்துவந்து கையில் கொடுத்தார்.

"டேய், பெட்டிக்குள்ள சிப் இல்லடா! அதை வச்சு வாசிக்காதே!"

"ஆமாக்கா, எல்லாரும் சௌக்கியம்."

"சிப் இல்லடா! சிப்!"

"சரிக்கா, சரிக்கா. அத்தானைக் கேட்டதாச் சொல்லு." வைத்துவிட்டாய்.

போனில் இரைச்சல் எதுவும் இல்லை. தையல் மெஷின் ஓடுகிற சத்தம்கூட எனக்குத் தெளிவாகக் கேட்டது.

தையற்காரரைத் திரும்பக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் மாஸ்டருக்குத் தெரியும். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.

18ஆம் தேதிக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று சிப்பை இந்த உறையிலேயே வைத்து ஓட்டுநரிடம் கொடுக்கிறேன். அடிமூடியில் நாலு திருகு. சிப்பின் பள்ளம் விழுந்த முனை ஸ்விட்ச் பக்கம் இருக்க வேண்டும். கால்கள் வளையாமல் மெதுவாக அழுத்து.

எத்தனை நாளாகடா? என்னிடம் ஏன்டா சொல்லவில்லை?

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

உன் உறை 15ஆம் தேதி மாலையில் வந்தது. அன்று காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஹோட்டல்காரர்கள் முன்கூட்டியே வந்ததால் மாஸ்டர் தேதியை மாற்றிவிட்டார். நீ போன் செய்தபோது நான் கிதாரைத் தோளில் மாட்டிக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

ஆறு என்று எழுதியது பொய். மாஸ்டர் தோளில் தட்டியதும் பொய். பெட்டி வந்த அன்று ஒன்றுமே கேட்கவில்லை, முதலாவதுகூட. மிச்சமிருந்ததும் போய்விட்டது என்று நினைத்தேன். பெட்டி மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை அக்கா. காய்ச்சல் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை உன்னைத் திறக்கவைக்க மனம் வரவில்லை. காது இல்லாவிட்டால் என்ன, மனத்துக்குள் எண்ணிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். பெட்டியை ஒத்திகைக்குக் கொண்டுபோகாமல், அறையிலேயே ஒரு வாரம் எண்ணி எண்ணிப் பழகினேன்.

அன்று முதல் சுரத்தை அடித்துவிட்டு, எதிரொலிக்கு இடம் விட்டுக் கையை எடுத்தேன். ஆறு எண்ணினேன். அடுத்த சுரம், மறுபடி ஆறு. எண்ணுவது தெரியக் கூடாது என்று கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். வராத எதிரொலிக்குத் தலையாட்டி, ரசித்து, சிரிக்கக்கூடச் சிரித்தேன். கண்ணைத் திறந்தால் பாடுகிற அம்மா பாடவில்லை. டிரம்மர் குச்சியை மடியில் போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தான். ஹோட்டல்காரர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மாஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் வந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி வாயை அகலத் திறந்து, "வீட்டுக்குப் போ" என்றார்.

இரண்டு வருடமாயிற்று அக்கா. டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்று நின்று இடது காது முதலில் போனது. டாக்டரிடம் போனேன். நரம்பு பட்டுப்போகிறது, மருந்து இல்லை, வலதும் போகும் என்றார். உன்னிடம் சொன்னால் நீ உடனே என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவாய். போனால் நான் யார்? இதுதான் பயம். வேறு ஒன்றும் இல்லை.

கிதாரை அந்த வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன். உன் சிப்பைப் பெட்டிக்குள் வைத்து அதையும் அவனிடமே கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு ஆறு விரலைக் காட்டினான். ஆகவே கடைக்காரரிடம் நல்ல பெட்டி என்றே சொல்.

நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. உன்மேல் தப்பே இல்லை. குட்டியை நன்றாகப் படிக்கவை. அத்தானோடு சண்டை போடாதே. எனக்கு இனிக் கடிதம் எழுத வேண்டாம்.

தம்பி


ஜூன் 21

டேய்,

என்னடா எழுதியிருக்கிறாய்? குட்டியைப் படிக்கவை என்று எனக்குச் சொல்ல நீ யார்? வந்து நீயே படிக்கவை. சண்டை போடாதே என்றும் சொல்ல நீ யார்? பாவி!

பேருந்து கிளம்புகிற நேரம். குட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஓட்டுநரை மறித்து, அவர் பேனாவையே வாங்கிப் படிக்கட்டில் வைத்து எழுதுகிறேன். பிள்ளையோடு இப்படியே ஏற முடியவில்லை. அத்தானிடம் இவளை விட்டுவிட்டு அடுத்த பேருந்தில் ஏறுகிறேன். நாளை விடிந்ததும் உன் அறையில் இருப்பேன்.

அப்புறம் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது. கிதார் இல்லாத உன்னை எனக்கும் தெரியாது. ஆனால் அது கைக்கு வருவதற்கு முன்னாலேயே நீ என் தம்பி. அதை யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது. நாளை வரைக்கும் ஒன்றும் செய்யாதே. என் தலைமேல் ஆணை. சும்மா உட்கார்ந்திரு, அது போதும்.

ஓட்டுநர் ஹார்ன் அடிக்கிறார். இதைத் தையற்காரரிடம் கொடுத்து உன் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லியிருக்கிறேன். பார்த்ததும் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்துவிடு. இரவு முழுக்கக் கதவு திறந்தே கிடக்கட்டும். நான் வந்து தட்டினால் உனக்குக் கேட்காது.

அக்கா